மலைச்சரிவும் மின்தூக்கியும்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக மலைக்குச் செல்லும் பேருந்து, கோமுகி அணையைத் தாண்டி ஏற்றத்தைத் தொட்டதும் முனகத் தொடங்கும். ஓட்டுநர் கியரைக் குறைப்பார். வேகம் தளரும், எரிபொருள் கூடுதலாகச் செலவாகும். வெள்ளிமலை, கரியாலூர் ஆகிய ஊர்களை எட்டும் வரை இந்த முனகல் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கும். கல்வராயன் மலைத்தொடரின் பெரும்பகுதி 2000 அடி முதல் 3000 அடி வரை உயரமுடையது. கீழே உள்ள சமவெளியோ 400 அடியை ஒட்டியது.

இயந்திரமே முனகும் இந்தச் சரிவுகளில் மனிதர்களும் ஏறி இறங்குகிறார்கள். பேருந்துக்குச் சாலை உண்டு. மற்ற இடங்களுக்கெல்லாம் கால்பாதைதான். சாமை விதைத்த கொல்லைக்குப் போவது, தண்ணீர் எடுப்பது, விறகு பொறுக்குவது, கடுக்காயும் புளியும் சேர்ப்பது, மேய்ச்சலுக்குப் போன மாட்டைத் தேடுவது ஆகிய எல்லாமே ஒரு மேட்டை ஏறியோ, ஒரு பள்ளத்தில் இறங்கியோ செய்ய வேண்டிய காரியங்கள். உடற்பயிற்சி என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. உடலை அசைக்காமல் ஒரு நாளைக் கழிப்பதுதான் அங்கே கடினம்.

இங்கே பிறந்து வளர்ந்த ஓர் இளைஞர் படித்துப் பட்டம் பெற்று, சிங்கப்பூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்வதாக வைத்துக்கொள்வோம். கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கடல் கடந்து வேலைக்குப் போவது அரிய செய்தி அன்று. பதினொன்றாம் மாடியில் அறை. மின்தூக்கியில் இறங்கினால் சிறிது தூரத்தில் பெருவிரைவு ரயில் நிலையம். நிலையத்தில் நகரும் படிகள். அலுவலகத்தில் மறுபடியும் மின்தூக்கி. பகல் முழுவதும் நாற்காலி. முதல் விடுமுறைக்கு ஊர் வரும்போது, "அந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொண்டது, நன்றாகச் சதை பிடித்திருக்கிறாய்" என்று வீட்டார் மகிழ்கிறார்கள். இன்னும் பத்தாண்டு கழித்து, முப்பத்தைந்து வயதில், இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது என்று மருத்துவர் சொல்லும்போது அந்த மகிழ்ச்சி நீடிப்பதில்லை.

இடையில் நடந்தது என்ன? தண்ணீர், காற்று, சாப்பாடு என்று பலரும் பல காரணங்கள் கூறுவர். மருத்துவம் எனக்குரிய துறை அன்று. ஆனால் இந்தக் கேள்வியில் பாதி இயற்பியல்.

ஏற்றத்தின் கணக்கு

ஒரு பொருளை உயரத்துக்குத் தூக்கினால் நாம் செய்யும் வேலை எவ்வளவு என்பது பள்ளிப் பாடம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்க வேண்டும். நாம் மலையேறும்போது தூக்கப்படும் பொருள் நம் உடலேதான்.

60 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் அடிவாரத்திலிருந்து 600 மீட்டர் உயரம் நடந்தே ஏறுகிறார் என்று கொள்வோம். 60 × 9.8 × 600 = 3,52,800 ஜூல். உணவுக் கணக்கில் நாம் கலோரி என்று சொல்வது உண்மையில் கிலோகலோரி. ஒரு கிலோகலோரி ஏறத்தாழ 4,200 ஜூல். ஆக, மேற்சொன்ன வேலை 84 கலோரி.

ஆனால் தசை அவ்வளவு சிக்கனமான இயந்திரம் அன்று. ஏற்றத்தில் அதன் பயனுறுதிறன் சுமார் 25 விழுக்காடுதான். நூறு பங்கு ஆற்றலைச் செலவிட்டால் இருபத்தைந்து பங்கு வேலையாகிறது. எழுபத்தைந்து பங்கு வெப்பமாகி வெளியேறுகிறது. எனவே உடல் செலவிடும் ஆற்றல் நான்கு மடங்கு, அதாவது 336 கலோரி. ஒரு இட்லிக்கு 60 கலோரி என்றால் ஐந்தரை இட்லி! அவ்வளவு பெரிய மலைக்கு இவ்வளவுதானா என்று மாணவர்கள் ஏமாற்றம் அடைவதுண்டு. ஏமாற வேண்டாம். இந்தக் கணக்கின் பயன் வேறோர் இடத்தில் இருக்கிறது.

சமதளத்தில் சாதாரண வேகத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்க, 60 கிலோகிராம் எடையுள்ளவருக்கு, சும்மா நிற்பதற்கு மேல் 30 கலோரி அளவு செலவாகும். ஒரு மீட்டர் உயரம் ஏற அவருக்கு ஆவது 0.56 கலோரி. இவ்விரண்டையும் ஒப்பிடுங்கள். ஒரு மீட்டர் ஏறுவது, ஏறத்தாழ இருபது மீட்டர் நடப்பதற்குச் சமம். மாடிக்கு மூன்று மீட்டர் என்று கொண்டால், ஒரு மாடி ஏறுவது அறுபது மீட்டர் நடை. நேரத்தை வைத்துப் பார்த்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகும். நிதானமாக மூன்று நிமிடத்தில் பத்து மாடி ஏறுபவர் நிமிடத்துக்கு ஐந்து கலோரிக்கு மேல் செலவிடுகிறார். தெருவில் நடப்பவர் செலவிடுவது அதில் பாதிகூட இல்லை. கரியாலூர்க்காரரின் கால்களுக்கு வலு தந்தது தூரம் மட்டுமன்று, உயரம்.

மலைக்காற்றுதான் அந்த வலுவைத் தருகிறது என்று நம்புவோர் உண்டு. 900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைவிடப் பத்து விழுக்காடுதான் குறைவு. ஓட்ட வீரர்கள் இரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கிக்கொள்வதற்காகப் பயிற்சிக்குப் போகும் மலைகள் 2000 மீட்டருக்கும் மேற்பட்டவை. கல்வராயன் காற்று குளுமையானது, தூய்மையானது, அவ்வளவுதான். அதை மூச்சில் இழுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தால் கால் வலுக்காது.

இறக்கம் இலவசம் அன்று

மலையிலிருந்து இறங்கும்போது என்ன ஆகிறது? ஏறும்போது சேர்த்த நிலையாற்றல் 84 கலோரியும் திரும்பக் கிடைக்க வேண்டுமல்லவா? கிடைக்கிறது, ஆனால் தசைக்கு அதைச் சேமித்துக்கொள்ளத் தெரியாது. ஒவ்வோர் அடியிலும் உடல் கீழே விழாமல் தொடைத்தசை இழுத்துப் பிடிக்கிறது. சுருங்க முயலும் தசையை உடலின் எடை நீட்டுகிறது. இதை எதிர்வேலை என்பார்கள். லாரி மலையிறங்கும்போது பிரேக் சூடாவதைப் போல, இறங்கும் ஆற்றல் முழுவதும் தசையில் வெப்பமாக முடிகிறது.

இதைப் பற்றி 1952-ஆம் ஆண்டில் அபட், பிக்லண்ட், ரிட்சி என்ற மூவர் இங்கிலாந்தில் ஒரு வேடிக்கையான சோதனையைச் செய்தார்கள். நிலையாக நிறுத்தப்பட்ட இரண்டு மிதிவண்டிகளை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க வேண்டும். பின்னோக்கிச் சுழலும் மிதிகட்டையை மற்றவர் காலால் தடுக்க வேண்டும். இருவரின் விசையும் ஒன்றே, வேகமும் ஒன்றே. ஆனால் மிதிப்பவர் மூச்சு வாங்க, தடுப்பவர் சாவதானமாக இருந்தார். இலண்டன் ராயல் சொசைட்டியில் இதைச் செய்து காட்டியபோது, மிதித்தவர் உருவத்தில் பெரிய ஆண். தடுத்தவர் சிறிய உருவமுள்ள பெண். களைத்தவர் ஆண்தான்.

இறக்கத்துக்கு ஆற்றல் குறைவாகவே செலவாகிறது. ஆனால் நீளும்போது இழுபடும் தசைநார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுவதால் மறுநாள் தொடை வலிக்கும். கோடை விழாவுக்குக் கரியாலூர் வந்து அருவிக்கு இறங்கிப் போகும் சமவெளிக்காரர்கள், அடுத்த நாள் வீட்டுப் படியிறங்க முடியாமல் தவிப்பதற்கு இதுவே காரணம். மலையில் வாழ்பவருக்கு இந்த வலி வருவதில்லை. ஒரு முறை இறங்கிப் பழகிய தசை அடுத்த முறை எளிதில் சிதைவதில்லை. சில வாரங்கள் வரை இந்தப் பாதுகாப்பு நீடிக்கும். வெளிநாட்டில் ஓராண்டு மின்தூக்கியில் போய்வந்த பிறகு அது எஞ்சியிருக்காது.

கூடப்பிறந்தவர்களை ஒப்பிட்டபோது

நம் இளைஞர் மலையில் இருந்தபோது நாள் முழுவதும் சிறுசிறு ஏற்றங்களாக மொத்தம் 200 மீட்டர் ஏறினார், 3 கிலோமீட்டர் நடந்தார் என்று மிகக் குறைவாகவே மதிப்பிடுவோம். முதலாவதற்கு 112 கலோரி, இரண்டாவதற்கு 90 கலோரி, கூட்டினால் 200. இந்தச் செலவு நின்றுவிட்டது. பசியும் அதே அளவு குறைந்துவிட்டால் கவலை இல்லை. குறைகிறதா?

மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையில் இதைப் பார்த்தார்கள். ஜீன் மேயர் என்ற உணவியல் அறிஞரும் அவருடன் பணியாற்றியவர்களும் 213 பேரின் வேலை, உணவு, உடல் எடை ஆகியவற்றை ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டார்கள். மூட்டை சுமப்பவர்கள் நிறைய உண்டார்கள். அதைவிட இலேசான வேலை செய்தவர்கள் குறைவாக உண்டார்கள். இதுவரை எதிர்பார்த்தபடிதான். ஆனால் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்களும் எழுத்தர்களும், சுமை தூக்குபவர்கள் அளவுக்கு உண்டார்கள்! அவர்களுடைய எடையும் அதிகமாக இருந்தது. ஓரளவு அசைவு இருக்கும்வரைதான் பசி, செலவைப் பின்தொடர்ந்து சரியாக நடக்கிறது. அசைவு மிகவும் குறைந்துவிட்டால் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. ஒரே ஆலையில் நடந்த ஆய்வு என்பதால் இதை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்துவதில் எனக்குச் சிறிது தயக்கம் உண்டு. ஆனாலும் நம் அலுவலக அனுபவத்தோடு இது ஒத்துப்போகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

அப்படியானால் நாள்தோறும் மிஞ்சும் 200 கலோரி எடையாக எப்படிச் சேரும்? ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு 7,700 கலோரி என்று வகுத்து, ஆண்டுக்கு ஒன்பதரைக் கிலோ, பத்தாண்டில் தொண்ணூற்றைந்து கிலோ என்று சிலர் பயமுறுத்துவார்கள். இது தவறான கணக்கு. அடியில் துளையுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயைச் சற்றுக் கூடுதலாகத் திறந்தால் நீர்மட்டம் உயரும். மட்டம் உயர உயரத் துளைவழி வெளியேறும் நீரின் வேகமும் கூடும். இது டாரிசெல்லி விதி. ஏதோ ஒரு மட்டத்தில் வரவும் செலவும் சமமாகி நீர் நின்றுவிடும். உடலும் அவ்வாறே. எடை கூடினால் அதைச் சுமக்கவும் பேணவும் ஆகும் செலவும் கூடுகிறது. கெவின் ஹால் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2011-இல் வெளியிட்ட கணக்கின்படி, நாளுக்கு 24 கலோரி கூடினால் எடை இறுதியில் ஒரு கிலோ கூடும். அதில் பாதி முதல் ஓராண்டிலேயே சேர்ந்துவிடும். 200 கலோரிக்கு எட்டுக் கிலோ. முதல் விடுமுறைக்கு வரும்போது நான்கு கிலோ. வீட்டார் பார்த்து மகிழ்ந்த சதை இதுதான்.

எடை மட்டுமே கூடினால் சட்டையை மாற்றிக்கொண்டு போகலாம். இந்தியாவிலேயே 2005 முதல் 2007 வரை நடந்த ஓர் ஆய்வு இதைவிடக் கவலை தருவது. இலக்னோ, நாகபுரி, ஐதராபாத், பெங்களூர் ஆகிய நான்கு நகரங்களின் ஆலைகளில் வேலை செய்பவர்களில், கிராமத்திலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். கிராமத்திலேயே தங்கிவிட்ட அவர்களுடைய கூடப்பிறந்தவர்களையும் அழைத்துச் சோதித்தார்கள். பெற்றோர் ஒருவரே, சிறுவயதுச் சோறும் ஒன்றே. ஆண்களின் நிலையை மட்டும் சொல்கிறேன். கிராமத்தில் இருந்தவர்களில் உடல் பருமன் உள்ளவர்கள் 19 விழுக்காடு; குடிபெயர்ந்தவர்களில் 38. நீரிழிவு, கிராமத்தில் 6 விழுக்காடு, குடிபெயர்ந்தவர்களில் 14. நகரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே 14-தான். மரபு மாறவில்லை, இடம் மாறியது. கடல் கடக்காமல், நாட்டுக்குள் குடிபெயர்ந்ததற்கே இவ்வளவு!

தசை என்னும் சர்க்கரைக் கிடங்கு

ஆற்றல் கணக்கோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றால் ஒரு தடை இருக்கிறது. தான்சானியா நாட்டில் ஹட்சா என்னும் மக்கள் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் வாழ்கிறார்கள். அவர்கள் நாளொன்றுக்குச் செலவிடும் மொத்த ஆற்றலை, ஐசோடோப்பு கலந்த நீரைக் குடிக்கச் செய்து துல்லியமாக அளந்தார்கள். 2012-இல் முடிவு வெளிவந்தபோது பலரும் வியந்தார்கள். உடலின் அளவைக் கணக்கில் கொண்டு பார்த்தால், நாள் முழுவதும் நடக்கும் ஹட்சாக்களின் மொத்தச் செலவும் மேலைநாட்டு நகரவாசிகளின் மொத்தச் செலவும் ஏறத்தாழ ஒன்றே. நிறைய அசையும் உடல் வேறு உள்வேலைகளில் சிக்கனம் பிடிக்கிறது போலும். ஆகவே நடந்தே எடையைக் குறைத்துவிடலாம் என்று எண்ணினால் ஏமாற்றமே மிஞ்சும். எடைக்குத் தட்டைத்தான் பார்க்க வேண்டும். அசைவின் பெரும்பயன் வேறு.

உணவிலிருந்து வரும் குளுக்கோசின் பெரும்பகுதியை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கின் கதவை இன்சுலின் திறக்கிறது. தசை சுருங்கி விரியும்போது, இன்சுலினை எதிர்பாராமலே இன்னொரு வழியாக அந்தக் கதவு திறக்கிறது. மலையேறும் தொடைத்தசையில் இந்த இரண்டாம் வழி நாளெல்லாம் திறந்து மூடிக்கொண்டிருக்கும். நாற்காலியில் அது மூடியே கிடக்கும். எல்லாச் சுமையும் இன்சுலின் மேல் விழுகிறது. ஐரோப்பியரோடு ஒப்பிடும்போது, அதே உயரமும் அதே எடையும் உள்ள இந்தியர் உடலில் கொழுப்பு கூடுதல், தசை குறைவு, கிடங்கே சிறியது. ஆகவேதான் நம்மவருக்கு இளவயதிலேயே இந்தத் தொல்லை வருகிறது.

சென்னையில் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்து நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு, இதற்கு மாற்று உண்டு என்று காட்டியது. இவர்கள் எல்லாரும் நீரிழிவின் வாசலில் நின்றவர்கள். உணவில் கட்டுப்பாடும் நாளுக்கு அரைமணி நேரமாவது விரைவு நடையும் மேற்கொண்ட பிரிவில், நீரிழிவுக்குள் விழும் வாய்ப்பு 28 விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்தது. மாத்திரை மட்டும் உண்ட பிரிவில் 26 விழுக்காடு.

அசைவு எவ்வளவு விரைவில் முதலீட்டைப் போல் கரைகிறது என்பதற்கும் ஒரு சான்று. அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் 1966-இல் இருபது வயதுள்ள ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கவைத்தார்கள். உடல் உறிஞ்சிக்கொள்ளக்கூடிய பெரும அளவு ஆக்சிஜன் கால்பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரையும் தேடிப் பிடித்து அளந்தபோது, முப்பதாண்டு முதுமை செய்த இழப்பு அந்த மூன்று வாரம் செய்ததைவிடக் குறைவாக இருந்தது.

படிக்கட்டு என்னும் மலை

புதிய ஊருக்குப் போனவர் செய்ய வேண்டியது என்ன? கட்டணம் கட்டி உடற்பயிற்சிக் கூடத்தில் சேர்வதைத்தான் பலரும் முதலில் நினைக்கிறார்கள். இரண்டு மாதம் போவார்கள். குறை கூறவில்லை, தொடர்ந்து போவோருக்கு நல்லதே. ஆனால் மலையில் அவர் கால்களை வலுவாக வைத்திருந்தது எந்தத் தீர்மானமும் அன்று. சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சரிவு நின்றது. நகரத்திலும் அப்படியொரு சரிவைக் கண்டுபிடித்து அன்றாட வழியில் நிறுத்துவதுதான் கேள்வி.

அடுக்குமாடி வீடு செங்குத்தாக நிறுத்திய மலை. சிங்கப்பூர் மக்களில் பெரும்பான்மையோர் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். பழைய கட்டடங்கள் பலவற்றில் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. சில மாடிகளில் மட்டும் நிற்கும். மற்றவர்கள் ஒன்றிரண்டு மாடி ஏறியோ இறங்கியோதான் வீட்டுக்குப் போக வேண்டும். 2001-இல் தொடங்கிய திட்டத்தின்படி அவை ஒவ்வொரு மாடியிலும் நிற்குமாறு மாற்றப்பட்டன. முதியோருக்கும் ஊனமுற்றோருக்கும் இது பெரிய வரம். இருபத்தைந்து வயதுள்ளவருக்கு இது என்ன என்பதை அவரேதான் சொல்ல வேண்டும்.

பதினொன்றாம் மாடிக்குப் பத்து மாடி உயரம், அதாவது 30 மீட்டர் ஏற வேண்டும். தொடக்கத்தில் எட்டாம் மாடிவரை மின்தூக்கியில் போய், மீதி மூன்றை நடந்து ஏறலாம். வாரத்துக்கு ஒரு மாடி கூட்டினால் இரண்டு மாதத்துக்குள் முழு உயரமும் வசப்படும். காலையும் மாலையுமாக இருமுறை ஏறினால் 60 மீட்டர். சமதளத்தில் அதன் மதிப்பு ஒன்றேகால் கிலோமீட்டர் நடை. இறங்குவதற்கு மின்தூக்கியைப் பயன்படுத்துவதில் தவறில்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் மலைக்குத் திரும்பும் எண்ணம் உள்ளவர்கள் வாரத்தில் இரண்டொரு நாளாவது இறங்கியும் பழக வேண்டும். காரணம் முன்பே கூறினேன்.

படிகளின் மதிப்பைச் சொல்ல இலண்டன் பேருந்துகளைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வில், மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் ஒப்பிட்டார். ஓட்டுநர் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் சீட்டு கொடுப்பதற்காக நாளொன்றுக்கு அறுநூறு படி அளவுக்கு ஏறி இறங்குகிறார். மாரடைப்பு நடத்துநர்களிடம் கணிசமாகக் குறைவாக இருந்தது. இதில் ஓர் ஓட்டை உண்டு என்பதையும் மாரிசே கண்டுபிடித்தார். 1956-இல் சீருடை அளவுப் பதிவேடுகளைப் பார்த்தபோது, ஓட்டுநர்களின் இடுப்பளவு தொடக்கத்திலிருந்தே பெரிதாக இருந்தது. அதாவது, பருமனானவர்கள் உட்காரும் வேலையைத் தேடிப் போயிருக்கலாம். தன் முடிவைத் தானே சந்தேகிக்கும் இந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது. பின்னர் வேறு பல தொழில்களில் செய்த ஆய்வுகள் அடிப்படை முடிவை உறுதிசெய்தன.

நடையைப் பொறுத்தவரை, வெளிநாட்டு நகரம் கள்ளக்குறிச்சியைவிட வசதியாகவே இருக்கக்கூடும். அங்கே நடைபாதை நடப்பதற்காகவே இருக்கிறது. சிங்கப்பூரில் ஒரு பூங்காவிலிருந்து மறு பூங்காவுக்கு மரநிழலில் செல்லும் இணைப்புப் பாதைகள் தீவெங்கும் உள்ளன. பேருந்து, ரயில் இரண்டுமே இரு முனைகளிலும் நடையைக் கேட்பவை. ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கினால் கூடுதலாகக் கேட்கும். சொந்த ஊரில் மோட்டார் சைக்கிளை வாசலிலேயே உதைத்துப் பழகியவர் அங்கே போய் மெலிந்து திரும்புவதும் உண்டு. சிங்கப்பூர் அரசு 2015-இல் காலடிகளை எண்ணும் தேசியப் போட்டியே தொடங்கியது.

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது விஞ்ஞான விதி என்று எண்ண வேண்டாம். 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடியெண்ணிக் கருவியின் பெயரே பத்தாயிரம்-அடி-மானி. பெயர் நிலைத்துவிட்டது. எழுபது வயதை ஒட்டிய அமெரிக்கப் பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், 4,400 அடியிலேயே பயன் தெரிந்தது. 7,500-க்கு மேல் பெரிதாகக் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கூறுவது, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் வேலையும். இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். கடையிலிருந்து அரிசியையும் காய்கறியையும் கையில் தூக்கிக்கொண்டு படியேறினால் இரண்டும் ஒருங்கே நிறைவேறும். மலையில் அதற்கு விறகுக்கட்டு இருந்தது.

வியர்வையும் கடிகாரமும்

கரியாலூரில் அதிகாலை ஆறு மணிக்கு நடக்கப் பழகியவர் சிங்கப்பூரில் அதே ஆறு மணிக்கு வெளியே வந்தால் இருட்டாக இருக்கும். பூமத்தியரேகையை ஒட்டிய அந்த நகரில் ஆண்டு முழுவதும் சூரியன் ஏழு மணியை ஒட்டியே உதிக்கிறது. காரணம் வானத்தில் இல்லை, கடிகாரத்தில். நகரம் இருப்பது ஏறத்தாழ 104-ஆம் தீர்க்கரேகையில். அதன் கடிகாரம் ஓடுவதோ 120-ஆம் ரேகையின் நேரப்படி. 1982-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அரைமணி முன்தள்ளி அப்படி வைத்தார்கள். எனவே மாலை ஏழு மணிவரை வெளிச்சம் இருக்கும். அலுவலகம் முடிந்த பின் நடக்க இது நல்ல வாய்ப்பு. இலண்டனுக்குப் போனவருக்கு நேர்மாறு. டிசம்பரில் நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அங்கே பகல் உணவு இடைவேளையில் நடக்காதவர் குளிர்காலம் முழுவதும் நடக்கமாட்டார்.

தசையில் எழுபத்தைந்து பங்கு வெப்பமாகிறது என்றோமே, அது எங்கே போகிறது? முதலில் கண்ட 600 மீட்டர் ஏற்றத்தில் 250 கலோரி வெப்பம் பிறக்கும். ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் 580 கலோரி வெப்பத்தை எடுத்துச்செல்லும். ஆக, அரை லிட்டருக்கும் குறைவான வியர்வை போதும். ஆனால் அது ஆவியாக வேண்டும். மலைக்காற்றில் எளிதில் ஆவியாகிறது. ஈரப்பதம் மிகுந்த சிங்கப்பூரில் வியர்வை சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிறது. சொட்டிய வியர்வை குளிர்விப்பதில்லை; தண்ணீர் வீண். நனைந்த சட்டையைப் பார்த்து நன்றாக உழைத்துவிட்டோம் என்று எண்ணக்கூடாது. புதிய வெப்பத்துக்கு உடல் பழக இரண்டு வாரம் ஆகும். அதுவரை பாதி வேகமே போதும்.

வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்களுக்கு இக்கட்டுரையின் படிக்கட்டுக் கணக்கு எதுவும் தேவையில்லை. 40 டிகிரிக்கு மேற்பட்ட வெயிலில் அவர்கள் செய்வதே பெருவேலை. அவர்களுக்கு வேண்டியவை தண்ணீர், உப்பு, நிழல், தூக்கம். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணிவரை திறந்த வெளியில் வேலை வாங்கச் சட்டம் தடை விதிக்கிறது. போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. உடலுழைப்பு எல்லாம் ஒன்றே என்று நினைத்து, நாளெல்லாம் சுமை தூக்கியவரை மாலையில் ஓடச் சொல்வது அறியாமை. அவர்களுக்கு ஆபத்து பின்னால் வருகிறது. மேற்பார்வையாளராக உயர்ந்து, குளிர்சாதன அறையில் உட்கார்ந்த பிறகும் பழைய சாப்பாடு அப்படியே தொடரும்போது, சணல் ஆலைக் கணக்கு அவரிடமும் வந்துசேரும்.

ஒரு சோதனை

மாணவர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்கலாம். ஓர் அளவுகோல், ஒரு கைக்கடிகாரம், ஒரு படிக்கட்டு போதும். ஒரு படியின் உயரத்தை அளந்து, அறுபது படிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். படி 16 அல்லது 17 சென்டிமீட்டர் என்றால் மொத்தம் பத்து மீட்டர். ஓடாமல், நிற்காமல், விரைவாக ஏறி நேரத்தைக் குறியுங்கள். எடை, 9.8, உயரம் ஆகியவற்றைப் பெருக்கி நொடிகளால் வகுத்தால் உங்கள் திறன் வாட்டில் கிடைக்கும். 60 கிலோகிராம் எடையுள்ளவர் ஒரு நிமிடத்தில் ஏறினால் 98 வாட். வீட்டுக் கூரையில் சுழலும் பழைய மின்விசிறி ஒன்றை ஓட்டப் போதுமானது. ஸ்பெயின் நாட்டில் இதய நோய் ஐயத்தோடு வந்தவர்களிடம் செய்து 2020-இல் அறிவித்த ஆய்வில், இந்த அறுபது படிகளை நாற்பது முதல் நாற்பத்தைந்து நொடிக்குள் ஏறியவர்களின் இதயத் திறன் நன்றாக இருந்தது; ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுத்தவர்களைக் கவனிக்க வேண்டியிருந்தது.

ஏறும்போது நெஞ்சில் இறுக்கமோ, தலைசுற்றலோ வந்தால் சோதனையை அங்கேயே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் நாளையும் நேரத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். வெளியூர் போகிறவர்கள் புறப்படுமுன் ஒருமுறையும், போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதத்தில் ஒருமுறையும் எடுத்துப் பார்க்கலாம். படியின் உயரம் ஊருக்கு ஊர் மாறும். அங்கே புதிதாக அளந்துகொள்ள வேண்டும்.